விசென்ஸாவுக்கு நான்தான் அழைத்துப்போனேன்

“அண்ணி, நீங்க விசென்ஸா போயிருக்கீங்களா?”

“வெனிஸ் போயிருக்கோம். டூர்ல. நாள் முழுக்கப் படகுலயே உக்கார வச்சுட்டான்.”

“அதுக்குப் பக்கத்துலதான் அண்ணி. ட்ரெயின்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. சின்ன ஊர்.”

“அங்க என்ன இருக்கு?”

“பில்டிங்ஸ்.”

“ஏன், ஃபிரிஸ்கோல பில்டிங்ஸ் இல்லையா?”

சிரித்தாள். நான் வேடிக்கைக்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள். என் தம்பி மனைவி ப்ரியம்வதாவிடம் அந்தப் பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் தன்னைப் போலவே நல்ல மனநிலையில் இருப்பதாக எண்ணிக்கொள்வாள். என் சமையலறை மேடையில் சாய்ந்தபடி, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, போனில் அந்த ஊரின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அவள் பெற்ற குழந்தை அதிதி என் மடியில் உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாலு வயது. ஊட்டிவிட்டது நான்.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள் இல்லையா அஃப்சானா, அங்கேதான்.

அவளுடைய வக்கீல் என்ற முறையில் நீங்கள் என்னிடம் கேட்பது சின்ன விஷயம். ‘விவரம் தெரியாமல் தவறான யோசனை சொல்லிவிட்டேன்’ என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவளைத் திரும்ப இந்த நாட்டுக்குள் கொண்டுவர நீங்கள் போடும் மனுவுக்கு உதவியாக இருக்கும். கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘தெரியாமல்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் யார் என்பதை முதலில் சொல்கிறேன். அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆட்கள் வக்கீலைக் கேட்க மாட்டார்கள். கம்பெனி வக்கீலுக்கு மெயில் போட்டால் பதில் வர நாளாகும், வந்தாலும் படித்துப் புரியாது. அதனால் யாருக்கு முதலில் க்ரீன் கார்டு வந்ததோ அவரைக் கேட்பார்கள். டாலஸை ஒட்டிய இந்த ஃபிரிஸ்கோவில் அது நான். பிறந்தநாள் பார்ட்டியில் பேப்பர் தட்டில் பிரியாணியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவான், பெரிய கம்பெனியில் டைரக்டராக இருப்பவன். “பவளம் அக்கா, ஒரு சின்ன டவுட்” என்பான். ஊரிலிருக்கும் அப்பாவுக்கு முடியவில்லை, போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்பான். ஆயிரம் பேருக்கு வேலை சொல்லும் ஆள், தன் குடும்பத்தின் தலையெழுத்தை பீன்ஸ் நறுக்கும் ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டு போவான். எனக்கு அவர்கள் மேல் பரிதாபம்கூட வந்ததில்லை. ஆனால் நான் சொன்னது ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

ப்ரியம்வதா திரும்பி வர முடியாமல் போன பிறகு ஒரு சனிக்கிழமை அனுமார் கோயிலுக்குப் போயிருந்தேன். செருப்பு விடும் இடத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “விடுங்கக்கா. நீங்க என்ன வேணும்னா சொன்னீங்க? எல்லாருக்கும் ஒரு தடவை மிஸ் ஆகும்” என்றாள். அவளுக்கு ஓபிடி என்றால் என்ன, எச்ஒன் என்றால் என்ன என்று விசா விவரமெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் என்னைக் கேட்பதில்லை. பார்ட்டியில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. உங்கள் ஆபீஸுக்கு இன்று வந்ததே இதைச் சரிப்படுத்தத்தான். எனக்கு மிஸ் ஆகவில்லை.

விஷயம் எளிமையானது. உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் வெளிநாடு போக வேண்டுமானால், கிளம்பும் முன் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ப்ரியம்வதாவுக்கு அந்த அனுமதி கேட்டிருந்தோம், இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட்டில் பழைய விசா முத்திரை ஒன்று இருந்தது. அதில் போட்டிருந்த தேதி இன்னும் முடியவில்லை. அதைப் பார்த்தால் எந்தச் சாதாரண ஆளும் போய்விட்டு வரலாம் என்றுதான் நினைப்பான். ஆனால் அந்த விசா என் தம்பி செழியனின் பழைய வேலையோடு ஒட்டியது. புது விசா எடுக்காமல், க்ரீன் கார்டு விண்ணப்பத்தோடு வந்த வேலை அனுமதியில் அவன் வேலை மாறியபோதே அது செத்துவிட்டது. அனுமதி இல்லாமல் விமானம் ஏறினால் க்ரீன் கார்டு விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வர வழி இருக்காது.

வேலை மாறச் சொன்னதும் நான்தான். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவள் எனக்குப் பிடிக்காதவள் இல்லை. செழியன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். அம்மா போன பிறகு அவனைப் படிக்கவைத்து, இங்கே கூட்டிவந்து, அடுத்த தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தேன். கோபிப் பக்கம் எத்தனையோ பெண் பார்த்தேன். அவன் சென்னையில் ஆர்க்கிடெக்சர் படித்த இவளைக் காட்டினான். சரி என்றேன். வந்தவள் ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று முகப்புத் தூணைத் தட்டினாள்.

“கேட்டீங்களா அண்ணி? உள்ள காலி. வீட்டோட வெயிட்டை வேற ஏதோ தாங்குது. இது சும்மா நிக்குது பாவம்.”

இருபது வருடம் உழைத்து வாங்கிய வீடு. அதை அவள் ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தூணுக்கெல்லாம் மூலம் இத்தாலியில் இருக்கிறது, நானூறு வருடத்துக்கும் முன்னால் விசென்ஸாவில் பல்லாடியோ என்று ஒருவன் கட்டினான் என்று கதை சொன்னாள். என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. அவள் யாரையும் புண்படுத்த நினைத்ததே இல்லை. அவளிடம் எனக்குச் சகிக்க முடியாதது அதுதான்.

குழந்தை பிறந்ததிலிருந்து என்னிடம்தான் வளர்ந்தது. அவள் வீட்டிலிருந்தபடி யார் யாருக்கோ வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். பிள்ளைக்குச் சளி பிடித்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். என் மகன் இளம்பரிதி பே ஏரியாவில் இருக்கிறான். அங்கே அவன் பெயர் பெரி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து “ஆல் குட், அம்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் வைத்துவிடுவான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் பிள்ளை, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். அதிதி என்னிடம் தமிழில் பேசுவாள். “அத்தை, எனக்கு ரசம் வேணும்” என்பாள். இந்த ஊரில் எந்தப் பிள்ளை ரசம் கேட்கிறது?

போன கோடையில் ப்ரியம்வதாவுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஒரு கம்பெனி. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு பார்க்கப் போவதாகச் செழியன் சொன்னான். “டேகேர் நல்லா இருக்காம்க்கா” என்றான். நல்லது என்றேன். அதற்கும் இத்தாலிக்கும் சம்பந்தமில்லை. வேலையில் சேரும் முன் ஒருமுறை விசென்ஸாவைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

செழியன் என்னிடம் கேட்டான், “க்கா, இப்ப ட்ராவல் பண்ணலாமா? எதுக்கும் அட்டர்னிய கேக்கலாமா?”

“நானே கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

கேட்டேன். இதில் பொய் இல்லை. கம்பெனி வக்கீலின் ஆபீஸில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அவள் தெளிவாகச் சொன்னாள்: போகவே கூடாது, விமானம் கிளம்பிய நிமிடமே எல்லாம் முடிந்துவிடும். நன்றி சொல்லி வைத்தேன். என் வீட்டுக்காரர் மாரிசாமி எதிர் சோபாவில் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் மடித்தார்.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். “கேட்டுட்டேன்டா. பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் இருக்குல்ல, ஒண்ணும் பிராப்ளம் இல்லைன்னுட்டாங்க.”

“தேங்க்ஸ்க்கா. நீ இருக்கும்போது எனக்கென்ன” என்றான். இத்தனை படித்தவன், ஒரு மெயில் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவளுக்குத் தனியாகப் போகத் தயக்கம். அதனால் நானே கூட வருவதாகச் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய இத்தாலி விசாவுக்கு நான்தான் அப்ளை பண்ணினேன், ஹோட்டல் போட்டேன். குழந்தையைக் கூட்டிப்போகலாம் என்றாள். “அங்க கல்லுத் தெருல அது எவ்வளவு தூரம்மா நடக்கும்? அவங்க அப்பா பாத்துக்குவான், மாமாவும் இருக்காரு” என்றேன். அதிதி இந்த நாட்டில் பிறந்தது. அதற்குத் திரும்பி வரச் சிக்கல் இல்லை. ஆனாலும் ஏர்போர்ட்டில் அது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் யோசித்துப் பாருங்கள். குழந்தை அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாரிசாமி கேட்டார். “பவளம், அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிக்கலாம்.”

அவர் புல் வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நல்ல மனிதர். ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்க மாட்டார்.

விசென்ஸாவைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல. கால் மணி நேரத்தில் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம். அதைப் பார்க்க ஒரு வாரம். நடுவில் ஒரு சதுக்கம். அதில் வளைவு வளைவாக இரண்டு அடுக்கு மண்டபம். எதிரில் பூச்சு உதிர்ந்த செங்கல் தூண்கள். ப்ரியம்வதா அந்தச் செங்கலில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள்.

“செங்கல் அண்ணி! கல்லுக்குக் காசில்லைன்னா செங்கலைக் கட்டி மேல பூசிக் கல்லா காமிச்சிருவாங்க. யாரும் ஏமாந்த மாதிரியே ஃபீல் பண்ண மாட்டாங்க, பாருங்க, அவ்ளோ அழகு.”

“அப்ப ஏமாத்துறதுதான்.”

“ஐயோ, அண்ணி!” என்று என் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

இன்னொரு நாள் ஒரு பழைய நாடகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். முழுக்க மரம். மேடைக்குப் பின்னால் தெருக்கள் தெரிகின்றன, நீளமாக, இருபுறமும் மாளிகைகளோடு. உண்மையில் அவை கொஞ்ச தூரம்தான். தரையை மேடேற்றி, சுவர்களைக் குறுக்கிக்கொண்டே போய் நீளமாகத் தோன்றவைத்திருக்கிறார்கள். பெரிய ஆள் உள்ளே போய் நின்றால் வீட்டைவிட உயரமாகத் தெரிவானாம். “அந்தக் காலத்துல குழந்தைங்களை நிக்க வைப்பாங்கன்னு சொல்லுவாங்க அண்ணி. அதிதிய அந்தக் கோடில நிக்க வச்சா எவ்ளோ க்யூட்டா இருக்கும்” என்றாள். பிறகு போனை எடுத்து அதிதியின் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தையை நினைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் ஒரு படியில் போய் உட்கார்ந்தேன்.

கடைசி நாள் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கும் வீடு. நாலு பக்கமும் ஒரே மாதிரி முகப்பு, ஒரே மாதிரி படிகள். எது முன்வாசல், எது கொல்லைவாசல் என்று தெரியாத வீட்டில் எவன் குடியிருப்பான்? அவள் சுற்றிச் சுற்றி வந்து நாலு பக்கப் படிகளிலும் உட்கார்ந்து பார்த்தாள். நான் நிழலிருந்த பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் என்னருகே வந்து உட்கார்ந்து அழுதாள்.

“என் அம்மாகூட இதுக்கெல்லாம் என்னைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டாங்க அண்ணி. ‘கல்யாணம் ஆயிடுச்சு, குழந்தை இருக்கு, இன்னும் என்ன பில்டிங்’னுதான் கேப்பாங்க. நியூ ஜெர்சி போனாலும் லீவுக்கு லீவு அதிதிய உங்ககிட்ட அனுப்பிடுவேன். ப்ராமிஸ்.”

லீவுக்கு லீவு என்றாள். கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருவதுபோல.

அப்போது சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. சொல்லி என்ன பயன்? டாலஸில் விமானம் கிளம்பியபோதே விண்ணப்பம் முடிந்துவிட்டது. அந்தப் படியில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவளுடைய கடைசி நாளும் கெட்டிருக்கும். நான் அவ்வளவு கல் நெஞ்சக்காரி இல்லை. அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

டாலஸில் இறங்கியதும் இமிக்ரேஷன் வரிசை இரண்டாகப் பிரிந்தது. நான் சிட்டிசன் வரிசைக்குப் போக வேண்டும். “அண்ணி, நீங்க பெல்ட்கிட்ட வெயிட் பண்ணுங்க, இதோ வந்துடுறேன்” என்றாள். திரும்பிப் பார்த்தபோது கை ஆட்டினாள். என் பெட்டியை எடுத்தேன், அவள் பெட்டியையும் எடுத்தேன். சுங்கக்காரர் ஏன் இரண்டு என்றார், குடும்பம் என்றேன். வெளியே மாரிசாமி காரோடு நின்றார். பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கியைத் திறந்தார். ஃப்ரீவேயில் ரேடியோ போடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

அவளை உள்ளே ஓர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க. அந்த விசா ஏன் செல்லாது என்று அவர்கள் சொன்னபோது, “இல்லை, எங்க அண்ணி அட்டர்னிகிட்ட கேட்டாங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். செழியன்தான் சொன்னான். பிறகு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சென்னையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அவள் பெட்டியில் குழந்தைக்கென்று வாங்கிய மரத்துண்டுகள் இருந்தன. தூணும் வளைவுமாக அடுக்கி விளையாடுவதற்கு. அதை என் வீட்டு கராஜில் வைத்திருக்கிறேன். பார்த்தால் அழும்.

குழந்தையை ஏன் இதுவரை தாயிடம் அனுப்பவில்லை என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். க்ரீன் கார்டு வரும்வரை செழியனாலும் வெளியே போக முடியாது. கூட்டிப்போகக்கூடிய ஒரே ஆள் நான். குளிர் முடியட்டும் என்றேன். பிறகு ஸ்கூல் அட்மிஷன் என்றேன். சென்னையில் இப்போது ஏதோ காய்ச்சல் என்கிறார்கள். காரணம் எதுவும் பொய் இல்லை. அதிதி இப்போது என் வீட்டில்தான் தூங்குகிறாள். முதலில் வீடியோ காலில் அம்மாவைப் பார்த்ததும் போனைப் பிடுங்கி ஓடுவாள். இப்போது “ஹாய் அம்மா” என்று சொல்லிவிட்டு ரசத்துக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் ப்ரியம்வதா அந்தப் பக்கத்திலிருந்து, “அண்ணி, நீங்க இல்லைன்னா அவ என்ன ஆகியிருப்பா” என்றாள். இன்னும் என் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஊரைப் போலவே அவளும் நம்புகிறாள், என்னை மன்னித்தும்விட்டாள். அவளிடமிருந்து மன்னிப்பு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துதான் கிளப்பிக் கூட்டிப்போனேன். இது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நீங்களே தேடிப் பாருங்கள், நான் தேடிவிட்டேன். வாய்வார்த்தையாக யோசனை சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. வக்கீலைக் கேட்டிருக்க வேண்டியது அவர்கள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, இன்னும் ஒன்றே ஒன்றுதான். இதை மாரிசாமியிடமும் சொன்னதில்லை, செழியனிடமும் சொன்னதில்லை. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அதைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்களே, அன்றிலிருந்து நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பியிருக்கிறது. அவள் சின்னப் பெண், முப்பத்திரண்டுதான் ஆகிறது. படிப்பு இருக்கிறது. பார்க்கக் கட்டடங்கள் இருக்கின்றன. விருப்பப்பட்டால் அங்கேயே இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம். நீங்கள் அவளோடு பேசும்போது பதமாக எடுத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அதிதியை எனக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.